அடுப்பு என்னுடையது, அண்டா அவனுடையது

மெல்பர்னில் மனைவி மக்களோடு சுகமாகவும், இங்கே நடப்பது எதுவும் காதில் விழாத பாக்கியத்தோடும் வாழும் அண்ணன் கிளிமெந்த் அவர்களுக்கு, ஏரிக்கரை ஓஹ்ரிட்டிலிருந்து தம்பி நவும் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். நலம் என்றால், உயிரோடு இருக்கிறோம்.

நீங்கள் அனுப்பிய பூக்களின் படம் வந்தது. உங்களுக்கு அங்கே வசந்தம். இங்கே இலையுதிர்காலம் என்பதை நினைவூட்டுகிறேன். கோடை விருந்தாளிகள் போய்விட்டார்கள், படகுகளைக் கவிழ்த்துத் தார்ப்பாய் மூடியாயிற்று, கரையோரக் கடைகளில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, ஊர் முழுக்கக் குடைமிளகாய் சுடும் புகை. விஷயத்துக்கு வருகிறேன். நம் முற்றத்துக்கும் சித்தப்பா மகன் சோதிரின் முற்றத்துக்கும் நடுவே சுவர் எழுப்பப் போகிறேன். பாதி முற்றம் உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும்.

நம் ஜன்னலுக்கு முன்னால் மாடி கட்டி ஏரியை மறைத்துவிட்டு, ‘ஏரி தெரியும் அறைகள் வாடகைக்கு’ என்று பலகையும் மாட்டினானே, அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை. இந்த ஆகஸ்டில் தன் விருந்தாளிகளிடம் என்னைக் காட்டி, “பாவம், அவர் ஊமை” என்று சொல்லியிருக்கிறான். ஒரு டச்சுக்காரப் பெண்மணி கண் கலங்கி, என் கையில் ஒரு சாக்லேட்டை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். ஆயுசு முழுக்க வகுப்பறையில் பூகோளம் கத்திய எனக்கு! சாக்லேட் நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

பாகம் பிரித்தபோது பெரியவர்கள் அடுப்பை நமக்கும் அண்டாவை அவனுக்கும் கொடுத்தார்களே, குளிர்காலத்துக்கு மிளகாய் விழுது கிண்டவாவது இரண்டு வீடும் ஒன்று சேரும் என்ற நப்பாசையில், அதன்படி வருடா வருடம் சேர்ந்தோம், பேசாமல். என் வீட்டுக்காரி லென்கா நடுவில் நின்று, “உப்பு போதுமான்னு அவர் கேக்கறாரு”, “இன்னும் கிண்டணும்னு இவர் சொல்றாரு” என்று இரண்டு பக்கமும் அஞ்சல் செய்வாள். இந்த வருடம் அடுப்பைத் தருவதில்லை என்று முடிவெடுத்து, அதை விறகுக் கொட்டகைக்குள் இழுத்துப்போய் மிளகாய் சுட்டேன். புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் வந்தது, துவைத்து மாட்டிய திரைச்சீலைகள் கறுத்தன, லென்கா இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். அவன் அங்கிருந்து கத்துகிறான்: “லென்கா, உங்க வீட்டு பூகோள வாத்தியாரைக் கேளு, காத்து ஏரியிலேர்ந்து வருதா, ஏரிக்குப் போகுதா?” பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அவனோடு பேசுவதில்லையே, விழுங்கிவிட்டேன்.

அண்டா இல்லாமல் நாலு சின்னப் பாத்திரங்களில் கிண்டினேன். ஒன்றைக் கிண்டும்போது மற்றது அடிப்பிடித்தது, அதைச் சுரண்டும்போது இன்னொன்றில் இரண்டாம் தடவை உப்புப் போட்டுவிட்டேன். லென்கா எட்டிப் பார்த்தாள். “அரை மூட்டை மிளகாயைக் கரியாக்கிட்டீங்க. மிச்சத்தை நான் சோதிரோட அண்டாவுக்கு எடுத்துட்டுப் போறேன். சுவர்தானே, தாராளமா கட்டுங்க. ஆனா கட்டறப்போ நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னு பாத்துட்டுக் கட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அங்கே செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கிறது. மிளகாயில் என்ன சிரிப்பு? இங்கே என் அடுப்பு ஆறிக் கிடக்கிறது, வாசனை மட்டும் அங்கிருந்து வருகிறது. அதைத் தடுக்கும் உயரத்துக்குச் சுவர் வேண்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், நம் மொழி மறந்திருந்தால் அவர்கள் மொழியிலேயே சொல்லிவிடுங்கள். கையெழுத்தைத் தாமதிக்காதீர்கள்.

உங்கள் தம்பி,
நவும்

பி.கு.: லென்கா திரும்பி வந்துவிட்டாள். “சோதிர் பனி விழறதுக்குள்ள வீட்டைப் பூட்டிட்டு ஸ்வீடனுக்கு மககிட்ட போறாரு. இனிமே வர்றதா இல்ல. அண்டாவை நம்மளையே வெச்சுக்கச் சொல்லிட்டாரு” என்றாள். அண்டா நம் முற்றத்தில் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அடுப்பும் நம்முடையது, அண்டாவும் நம்முடையது. இனி நான் யாரோடு பேசாமல் இருப்பது? கையெழுத்து வேண்டாம். அவனுக்குப் போன் செய்து, போகாதே என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். கேட்டால், தம்பி ஊமை என்று சொல்லிவிடுங்கள்.