எனக்கு அடுத்த பக்கம்

இரண்டாயிரமாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஊரை விட்டுப் போன மறுநாள் ஒரு சபதம் எடுத்தேன். வீட்டில் பேச முடியாததை எல்லாம் உலகத்திடம் பேசிவிடுவது.

நான் ராஜவேலு, திருத்தணி தாலுகா ஆபீஸில் எழுத்தர். ஆபீஸில் எழுதுவேன், வீட்டில் கேட்பேன். பேசுவது என் மனைவி சாய்லக்ஷ்மி. தாய்மாமன் மகள், என்னை 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம், "மலைக்குப் போய் முருகனப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்புவேன். போவது பஸ் ஸ்டாண்ட் பக்கம், சமியுல்லாவின் பிரவுசிங் சென்டருக்கு. அவர்தான் எனக்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தார். பெயர் 'என் வீட்டுப் பேய்'. சட்டைப் பையைத் துழாவும் பேய். கண் இமைக்காமல் ஒரு மணி நேரம் திட்டும் பேய். மாதிரியைத் தேடி நான் வெளியே போகவே இல்லை.

"ஒத்தையா கிடந்தா யாரும் வரமாட்டாங்க சார். பேய் வளையத்துல சேர்ந்துடுங்க" என்றார் சமியுல்லா.

"வளையமா?"

"பேய்க் கதை எழுதறவங்க பக்கமெல்லாம் கைகோத்துகினு நிக்குது சார். உங்க பக்கத்துக்கு அடியில 'அடுத்தது'ன்னு இருக்கும். அமுக்கினா கோலாலம்பூர்காரர் பக்கம். அங்க அமுக்கினா யாழ்ப்பாணத்துக்காரர். அமுக்கிகினே போனா சுத்தி வந்து உங்ககிட்டயே நிக்கும்."

சேர்ந்தேன். கோலாலம்பூரே என் பேய்க்குப் பயந்து கடிதம் போட்டது. பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை 'அடுத்தது' அமுக்கினேன். கோலாலம்பூர் வரவில்லை.

கறுப்புப் பக்கம். படம் இல்லை. பெயர் இல்லை. நடுவில் இரண்டே வரி.

'நீ எழுதுவதைப் படிக்கிறேன். மலைக்குப் போனவன் நெற்றியில் விபூதி எங்கே?'

கை தானாக நெற்றிக்குப் போனது. திரும்பும்போதுதான் எப்போதும் பையிலிருந்து எடுத்துப் பூசிக்கொள்வேன்.

"யாரு இது, சமியுல்லா?"

"புதுசா சேர்ந்திருக்காங்க சார். வளையம் நடத்தறவரு சேர்த்துக்கினா நடுவுல வந்து நின்னுடும்." திரும்பி நின்று இருமினார்.

அடுத்த வாரம்: 'இன்று ஊதாச் சட்டை. இரண்டாவது பொத்தானுக்கு வெள்ளை நூல்.'

குனிந்து பார்த்தேன். வெள்ளை நூல்.

அதற்கடுத்த வாரம் போகாமல் இருந்திருக்கலாம். கால் கேட்கவில்லை.

'வலது செருப்பின் வார் இன்று அறும். மெதுவாக நட. பின்னாலேயே இருக்கிறேன்.'

திரும்பினேன். ஆள் இல்லாத சுழல் நாற்காலி. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்து நின்றது. மின்விசிறிக் காற்றோ என்னவோ, நின்று விசாரிக்கவில்லை. ஓடினேன். மார்க்கெட் முனையில் வார் அறுந்தது. வலது செருப்பு. அதை எடுக்கக் குனியக்கூட தைரியம் இல்லை. ஒற்றைச் செருப்போடு வீடு வந்தேன்.

"லக்ஷ்மி, நான் மலைக்குப் போகல."

எல்லாவற்றையும் சொன்னேன். என் கதையில் வரும் பேய் யார் என்பதையும் சொன்னேன். உயிர்ப் பயத்துக்கு முன்னால் மனைவிப் பயம் நிற்கவில்லை. அவள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அய்யோ பாவா. பேய்கிட்ட வம்பு வெச்சுக்கலாமா?"

"இப்ப என்னா செய்யறது?"

"எழுதினத அழிச்சுடுங்க. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். திங்கட்கிழமை சமியுல்லாவுக்கு போன் போட்டு என் பக்கத்தை அழிக்கச் சொன்னேன். பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மூன்று மணி. சாய்லக்ஷ்மி புதுப் புடவையில் வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பிரவுசிங் சென்டருக்கு பாவா. உங்க சனிக்கிழமை இடம் இப்ப காலிதானே. செவ்வாய்க்கிழமை காலைல சமியுல்லா சம்சாரம் கவுசர் பொம்பளைங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தராங்க. மூணு மாசமா போய்கினு இருக்கேன். உங்க பக்கத்த அவங்கதான் காட்டினாங்க."

"அப்ப, அந்தக் கறுப்புப் பக்கம்?"

"ஆங். செவ்வாய்க்கிழமையே எழுதி வெச்சுட்டு வந்துடுவேன். பையில விபூதிப் பொட்டலத்த பார்த்தது யாரு? சட்டைக்குப் பொத்தான் தெச்சு எடுத்து வெக்கறது யாரு? செருப்பு வாரு ஒரு நூல்ல தொங்கிகினு இருந்தது உங்களுக்குத் தெரியுமா? இப்ப கோலாலம்பூர்காரரு என் பக்கத்துக்குத்தான் காத்துகினு இருக்காரு."

எழுந்தேன். "நானும் வரேன்."

"சத்தியம் பண்ணியிருக்கீங்க பாவா. குக்கர் மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சுடுங்க."

நான் விசில் எண்ண உட்கார்ந்தேன்.