கயிற்றில் கை வைத்தவர்கள்

"ஒரு மணி நேரம்னு சொன்னேனா இல்லியா? இப்ப மணி இன்னா ஆவுது—"

"மணல்ல ஓடறது சார், காலு பொதையுது—"

"மணலு நேத்தும் அங்கதான இருந்திச்சு? நேத்து ஒண்ணரை மணி, இன்னிக்கு ஒண்ணே முக்கா—"

"அல வேற சார் இன்னிக்கு—"

"அல மேலயா ஓடினீங்க?"

கேப்டன் காயத்ரி ஜெர்ஸியின் நுனியிலிருந்து கடல்நீரைப் பிழிந்தாள். அவளுக்குப் பின்னால் பதினான்கு பெண்கள், பதினைந்து பதினாறு வயதுக்காரிகள், இடுப்பு வரை நனைந்து, கனவிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். மாமல்லபுரத்துக் கடற்கரை மைதானத்தில் வெயில் அதற்குள் ஏற ஆரம்பித்திருந்தது.

கோச் ஜெபக்குமார் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் ஓடியது. ஓடாதது இவர்கள்தான். தினமும் விடியற்காலையில் கரையோரமாகவே வடக்கே சாலவான்குப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். கோடை விடுமுறைப் பயிற்சி அது.

"பட்டிபுலம் டீம் எப்பிடி ஓடுது தெரியுமா? அவங்க கோச் நரசிம்மன் சார் பொண்ணுங்க முக்கா மணி நேரத்துல முடிச்சிட்டு, இன்னொரு ரவுண்டு போவட்டானு கேக்குதுங்களாம்."

"நீங்க பாத்தீங்களா சார்?" என்றாள் கோல்கீப்பர் ரேணுகா.

"அவரே போன்ல சொன்னாரு."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி இருமினாள்.

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் பட்டிபுலத்தோடு கால்பந்து ஆட்டம். ஜெயிக்கிற அணியை ஒரு ரிசார்ட் தத்தெடுத்துக்கொள்ளும். ஷூ, ஜெர்ஸி, கோச்சுக்குச் சம்பளம் எல்லாம் உண்டு. தோற்றால் ஜெபக்குமார் திங்கட்கிழமையே சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் மறுபடி ஷிப்டுக்குப் போக வேண்டும். சூப்பர்வைசர் லீவு கொடுத்தபோதே, "திரும்பி வருவ, தெரியும்" என்று சிரித்திருந்தார்.

வெயில் ஏறுவதால்தான் சோர்ந்து போகிறார்கள் என்று ஜெபக்குமார் முடிவு செய்தார். "நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்கே கிளம்பணும்!"

அஞ்சு மணிக்கே கிளம்பினார்கள். ஏழரைக்கு வந்தார்கள்.

"அரை மணி முன்னால போனா, இன்னும் லேட்டா வருவீங்களா?"

"சீக்கிரம் போனா மொதல்லேர்ந்து..." என்று ஆரம்பித்த ஒருத்தியின் காலை ரேணுகா மிதித்தாள்.

எடை கூடியிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. எடை மெஷின் வாங்கி வந்து ஒவ்வொருத்தியையும் ஏற்றினார். அணியில் சேரும்போது எழுதிக் கொடுத்த எடையைவிட எல்லோருக்கும் இரண்டு கிலோ கூடியிருந்தது. பரோட்டா கூடாது, சிப்ஸ் கூடாது, ராத்திரி சோறு கூடாது என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கினார். மூன்றாம் நாள் இன்னொரு கிலோ கூடியிருந்தது. ரேணுகாவின் ஜெர்ஸி தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது.

"பந்த நடுக்கோட்டுக்குத்தான போடச் சொன்னேன்?"

"மெதுவாத்தான் சார் போட்டேன்."

பந்து மைதானத்தைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் போய்விட்டிருந்தது. பாதிப் பயிற்சி அதைத் தேடுவதிலேயே கழிந்தது.

அன்று வீட்டில் மனைவி பிரிசில்லா கேட்டாள். "ஏங்க, இது காலால ஆடற ஆட்டந்தான?"

"ஆமா."

"பின்ன இன்னா, பொண்ணுங்களுக்கெல்லாம் தோளு இப்பிடி வளந்துகினு கீது? கிட்ட போனா மீன் வாட வேற."

"கடற்கரையில ஓடறாங்க. மல்லிப்பூ வாசனையா வரும்?"

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நரசிம்மனிடமே யோசனை கேட்கலாம் என்று காலையில் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டு நாளாக அப்படித்தான். அந்த மனுஷன் பயிற்சியில் மூழ்கிக் கிடக்கிறார், நாம்தான் போன் பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை, அணியின் மேனேஜர் தாமோதரனை அனுப்பினார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விசில் அடிப்பதில் முப்பது வருட அனுபவம்.

"ஈர மணல்ல சைக்கிள் ஓடும் அண்ணாத்த. பின்னாலயே போங்க. எவ நின்னாலும் விசில் குடுங்க."

பெண்கள் ஏழரைக்கு வந்தார்கள். தாமோதரன் எட்டு மணிக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேன்ட் முழங்கால் வரை சுருட்டியிருந்தது. கழுத்தில் விசில் இல்லை. ஹேண்டில்பாரில் ஒரு பை சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணாத்த, ஓடினாங்களா?"

"பின்னால நல்லாவே போறாங்க சார்."

"பின்னாலயா? முன்னாலதான ஓடணும்?"

"எனக்கு முதுகு புடிச்சிகினு கீது. நாளைக்குப் பேசலாம் சார்."

வெள்ளிக்கிழமை, பெண்கள் கிளம்பிக் கால் மணி கழித்து ஜெபக்குமாரே நடந்தார்.

கடலுக்கும் கரைக்கும் நடுவே உப்புப் புகை போல ஒரு மங்கல் படர்ந்திருந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. காலடிச் சுவடுகளை அலை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தது. வெகுதூரம் நடந்தபின், கடலே மூச்சு விடுவதுபோல, ஒரே தாளத்தில் குரல்கள் கேட்டன.

மங்கலுக்குள்ளிருந்து அவருடைய அணி வெளிப்பட்டது. பதினைந்து பேரும் வரிசையாக, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு கயிற்றை இழுத்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். கயிறு கடலுக்குள் போய் மறைந்திருந்தது. முட்டியை மடக்கு, குதிகாலை ஊன்று என்று ஒரு மாதம் கத்தியும் வராத நிலை, அத்தனை பேருக்கும் அழகாக வந்திருந்தது.

"காயத்ரீ!"

"கத்தாதீங்க சார், மீன் கலைஞ்சிரும்!"

மீன் கூடைமேல் உட்கார்ந்திருந்த வலைக்காரி செங்கம்மாள் எழுந்து வந்தாள். "மாஸ்டரா? வாங்க வாங்க. பொண்ணுங்களா இதுங்க, தங்கம்!"

"யாரக் கேட்டு இவங்கள வல இழுக்க வுட்டீங்க?"

"ஆளு பத்தல மாஸ்டரே. எங்க வூட்டுப் பசங்கல்லாம் கம்பெனிக்குப் போயிட்டானுங்க. ஒரு கை குடுங்கம்மானு ஒரு நாளு கேட்டேன். கயித்துல கை வச்சவங்க, மடி கரையேறாம கை எடுக்கக் கூடாது. அது எங்க வழக்கம். அப்பறம் பங்குனு மீன் குடுக்காம அனுப்ப முடியுமா?"

மடி என்பது வலையின் அடிப்பை. மீன் அத்தனையும் அதில்தான் சேரும். அது கரைக்கு வர இரண்டு மணி நேரம் ஆகும்.

"பங்கா? இவங்களுக்கு ஞாயித்துக்கெழம மேட்சு! ரேணுகா, வுடு கயித்த!" என்று ஜெபக்குமார் பாய்ந்து, அவள் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார்.

குரல்கள் நின்றன. பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காயத்ரி மிகுந்த இரக்கத்தோடு சொன்னாள். "சார்... கை வச்சிட்டீங்க."

இழுத்தார். வேறென்ன செய்வது? முதலில் கோபத்தோடு இழுத்தார், பிறகு தாளத்தோடு இழுத்தார். கயிறு குளிர்ந்து, உயிருள்ளதுபோலத் துடித்தது. கடலில் அரைவட்டமாக வலை விரிந்திருந்தது. அதன் மறுமுனைக் கயிற்றை வடக்கே இன்னொரு கூட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. வலை நெருங்க நெருங்க அந்த நிழல்களும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்ந்து வந்தன. ஷிப்டு, ரிசார்ட், ஸ்டாப்வாட்ச் எல்லாம் யாரோ ஒருவருடைய கதையாகத் தூரத்தில் மிதந்தன.

சூரியன் மங்கலைக் கிழித்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"போச்சு," என்று முனகினார். "இங்க நாங்க மீன் புடிச்சிகினு கீறோம். பட்டிபுலம் பொண்ணுங்க இந்நேரம் ரெண்டாவது ரவுண்டு ஓடிகினு இருக்கும். அந்த நரசிம்மன் மாஸ்டரு எங்கள வுடவே மாட்டாரு."

செங்கம்மாள் கண்ணுக்குமேல் கையை வைத்து வடக்கே பார்த்தாள்.

"அந்தாண்ட கயித்துல தொப்பி போட்டுகினு இழுக்கறாரே, அவரத்தான சொல்றீங்க? போன செவ்வாக்கெழம அவரு டீம் பொண்ணுங்களத் திட்டறதுக்கு வந்தாரு, பாவம், அவரும் கை வச்சிட்டாரு."