அனுப்பியாச்சு, வந்ததோ?

இரண்டு கம்பியூட்டர்களும் காலையிலிருந்து கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு அறையில் பேசாமல் இருந்தன. எண்பத்தொன்பதாம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கே அது புதுச் சாமான். பின்னேரம் முத்தலிப் முதலாளி பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் கடைக்கும் சாமான் அடுக்கும் கிட்டங்கிக்கும் ஒரு சோடி வாங்குவார். பிலிப்பு மாஸ்ரரின் வேலையும் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் குருநகரில் தகப்பனோடு வலை இழுக்க வேண்டியதுதான்.

"என்ன தம்பி பிழை?" என்றார் அந்தக் கம்பியூட்டர் வகுப்பை நடத்தும் அடைக்கலநாதர்.

"றைவர் அப்பிடியே நிக்குது, ஐயா."

"றைவரோ? என்னட்டைக் காரே இல்லையே! ஆர் ஐசே உவன்?"

றைவர் என்பது, இரண்டு கம்பியூட்டர்களையும் வயரால் பேசவைக்கும் நெட்வேர்க் 'காட்' என்ற அட்டையை ஓட்டும் புரோகிராம். பழைய காட் எரிந்துபோய்ப் புதுசு போட்டிருந்தார்கள். பழசு ஒரு செய்தியை அனுப்பியதும் 'அனுப்பியாச்சு' என்று உள்ளுக்குள் ஒரு கொடி காட்டும். அதைக் கண்டால்தான் றைவர் அடுத்த வேலைக்குப் போகும். புதுசைச் செய்தவர்கள் அந்தக் கொடி வழக்கொழிந்தது என்று எடுத்துவிட்டார்கள். றைவரோ வராத கொடிக்குக் காத்துக் கிடந்தது.

பிலிப்பு பெரிய மூளைசாலி. கொடி எந்நேரமும் ஏறியே இருக்கிறதென்று றைவருக்கு ஒரு பொய் சொல்லிவைத்தான். அதன்பிறகு எதைத் தட்டினாலும் 'அனுப்பியாச்சு' என்றது திரை. வயரைக் கழற்றிப் பார்த்தான். அப்போதும் அனுப்பியாச்சு!

திரையை நம்ப முடியாதென்று, அடுத்த அறையில் ரைப்பிஸ்ற் கனகாம்பிகையை இருத்தினான். எழுந்துபோய்த் தானே பார்க்கலாம்தான். கம்பியூட்டர் படித்தவன் நடப்பானா?

"தங்கச்சி, வந்ததோ?"

"ஓம் சேர்!"

"இதும் வந்ததோ?"

"ஓம், ஓம்!"

பிலிப்புவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். முத்தலிப் முதலாளிக்கு முன்னாலும் ஒன்றை அனுப்பி, ஒரு 'ஓம்' வாங்கி, எல்லோரையும் அடுத்த அறைக்குக் கூட்டிப்போனான். திரையில் ஒரு எழுத்தும் இல்லை.

"வந்தது எண்டீரே!"

"நீங்கள் கூப்பிடேக்கை ஓம் எண்டு சொல்லாமல் எப்பிடிச் சேர் இருக்கிறது?"

"கத்தித்தான் கேக்கவேணுமெண்டால் எனக்கு என்னத்துக்குக் கம்பியூட்டர்?" என்று முதலாளி செருப்பைத் தேடினார்.

அடைக்கலநாதரின் முகம் கறுத்தது. "முந்தின மாஸ்ரர் இருக்கேக்கை ஒருநாளும் பிழைக்காத சாமான்! நாளைக்கு நீர் வரத் தேவையில்லை."

கனகாம்பிகைக்கு மனம் பொறுக்கவில்லை.

"இவரிலை பிழையில்லை, ஐயா. முந்தின மாஸ்ரர் என்ன அனுப்பிறார் எண்டு சத்தமாச் சொல்லுவார், நான் அதை இஞ்சை ரைப் அடிச்சுப்போட்டு ஓம் எண்டுவன். இவர் சொல்லாமல் அனுப்பிறார்!"