துடக்கு வீட்டுக்கு ஏற்ற பதிவுப் பெட்டி எது?

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பின் மச்சான் பிரதாபனுக்கு,

உமது அத்தான் கதிர்காமநாதன் எழுதிக்கொள்வது. சுவிசில் நீரும் பிள்ளைகளும் குளிருக்குள் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுதல். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் சாவுத் துடக்கு வீட்டுக்காரன் சுகமாக இருப்பதாக எழுதினால் அதையும் யாராவது குறையாகச் சொல்லக்கூடும் என்பதால் அந்த வரியை வெறுமையாக விடுகிறேன், நீரே நிரப்பிக்கொள்ளும். போனில் சொல்லாமல் ஏன் இவர் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர். போனில் கதைத்தால் பக்கத்து வளவில் இருக்கிற என் அண்ணன் மனைவி கமலாசனி அண்ணிக்குக் கேட்கும். அவவுக்குக் கேட்கக் கூடாத விஷயம் இது ஒன்றுதான். ஆகவே லீவில் வந்து திரும்புகிற உமது சிநேகிதரின் கையில் இதை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

பளையில் இருந்த என் யோகலிங்கம் சித்தப்பா தவறிப்போனது உமக்குத் தெரியும். அப்பாவின் தம்பி என்றபடியால் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை எங்களுக்குத் துடக்கு. கோயில் இல்லை, மீன் மச்சம் இல்லை, சவரம் இல்லை, ரீவி இல்லை. முதல் மூன்றையும் உமது அக்கா இராசமலர் ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டா. நாலாவதைக் கேட்டதும் கதிரையில் இருந்துவிட்டா. நாலு வருஷமாக அவ பார்த்துவரும் நாடகம் சரியாக இந்தத் துடக்குக்குள்தான் முடியப்போகிறதாம். அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு நஞ்சு வைத்தது யார் என்பது கடைசிக் கிழமையில்தான் தெரியவருமாம்.

"உங்கட சித்தப்பா தொண்ணூறு வயசு மட்டும் இருந்தவர்தானே. இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கலாம்."

"அதை நான் எப்பிடி அவரிட்டக் கேக்கிறது?"

"இப்ப கேக்கேலாதுதான். முந்தியே கேட்டிருக்கோணும். உங்கட ஆள் செத்ததுக்கு என்ர நாடகமும் சாகோணுமோ?"

அதன் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை. மூன்று நேரமும் கத்தரிக்காய் வந்தது. கத்தரிக்காய்க்கு உப்புப் போடுவது அன்புள்ளவர்களின் வேலை என்பதை அந்தக் கிழமை அறிந்தேன். போனில் பார்க்கலாமே என்பீர். எங்கள் பக்கத்தில் நாடகம் ஓடுகிற அளவுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் வாய்க்கால் கரையில் ஏறி நிற்க வேண்டும். துடக்குக்காரி ஒருத்தி பின்னேரத்தில் வாய்க்கால் கரையில் நின்று போனைப் பார்த்து அழுதால், அது சித்தப்பாவுக்கான அழுகை என்று ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே பதிவு செய்து வைக்கிற பெட்டி ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்து, தாடியோடு சைக்கிளை மிதித்து, கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் டிஷ் பூட்டுகிற நிஷாந்தனின் கடைக்குப் போனேன். அவன் தாடியைப் பார்த்தான்.

"அண்ணை, உங்களுக்குத் துடக்கெல்லோ?"

"பெட்டி எனக்கில்லை. தெரிஞ்ச ஆள் ஒருத்தருக்கு."

"அவருக்கும் துடக்கோ?"

"ஓம்."

"அப்ப பதியிற பெட்டிதான் கேக்கிறியள். சுவரில மரண அறிவித்தல் ஒட்டினா எனக்கு ரெண்டு பெட்டி போகும்" என்று சொல்லிக்கொண்டே மூன்றை எடுத்து மேசையில் வைத்தான். அதை அவன் வியாபாரப் பேச்சாகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

மச்சான், கவனமாக வாசியும், நீர் முடிவெடுக்க வேண்டியவர். முதலாவது பெட்டி பத்தாயிரத்துக்குள் வருகிறது. அதற்குள் ஒன்றும் இல்லை, பின்பக்கத்தில் பென்ரைவ் என்கிற விரலளவுக் குச்சி ஒன்றைக் கொழுவினால் அதில் பதியும். ரீவி நின்றாலும் குறித்த நேரத்துக்குத் தானாக எழும்பிப் பதிந்துவிட்டுத் தானாகப் படுக்கும். இந்தக் குணம் எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் இல்லை. இரண்டாவது அதைப்போல மூன்று மடங்கு விலை. பதிகிற தட்டு உள்ளேயே இருக்கிறது, ஒரு நாடகத்தை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை வைத்திருக்கலாம். ஆனால் கம்பனிக்கு மாதம் மாதம் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் ஏற்கெனவே பதிந்ததையும் திறக்க விடாதாம். மூன்றாவதின் விலையை நான் இங்கே எழுதவில்லை, சம்பந்தப்பட்டவர் நீர் என்பதால் உமது மனநிலையைப் பார்த்து அடுத்த பக்கத்தில் எழுதுகிறேன். அது ஒரே நேரத்தில் இரண்டு சானலைப் பதிந்துகொண்டு மூன்றாவதைக் காட்டும். ஓடிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சியை அப்படியே நிறுத்திவைத்து, வயலுக்குப் போய்த் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். அவ்வளவு நேரமும் அந்த நடிகை வாயைத் திறந்தபடி நிற்பா.

என் கையில் இருந்தது முதலாவதற்குத்தான் காணும். வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பதிவதே துடக்குக்குப் பிழையோ என்ற சந்தேகம் வந்தது. கோயில் ஐயருக்குப் போன் எடுத்து, ஒரு தெரிந்த ஆளுக்காக என்று சொல்லிக் கேட்டேன். "பாக்கிறதுதான் குத்தம். பெட்டிக்குத் துடக்கில்லை. அது உங்கட சகோதரமில்லையே" என்றார். பிறகு, "எந்த நாடகம்?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

உமது அக்கா அன்றைக்குக் கத்தரிக்காய்க்கு உப்புப் போட்டா. ரீவியையும் பெட்டியையும் சேர்த்து என் வெள்ளை வேட்டியால் மூடினோம். மாலையில் நாடகம் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக, கமலாசனி அண்ணி ஆறுதலுக்கு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து ரீவிக்கு முன்னால் இருந்தா. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. இந்தப் பெட்டி பதியும்போது முன்பக்கத்தில் ஒரு சிவப்பு லைற் எரியும். அது வேட்டிக்குள்ளால் குங்குமப் பொட்டுப்போலத் தெரிந்தது.

"தம்பி, உதென்ன சிவப்பா?"

"விளக்கு அண்ணி. சித்தப்பாவை நினைச்சு."

"கரண்ட் விளக்கோ?"

"ஓம். எண்ணெய் விக்கிற விலையில."

அண்ணி எழும்பி, முற்றத்தில் ஒரு நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து வேட்டிக்கு முன்னால் வைத்தா. நாடகம் முடிந்த கையோடு லைற் அணைந்தது. "போட்டார்" என்றா அண்ணி. நானும் போய்விட்டார் என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த நாள் அவ இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தா. அதற்கடுத்த நாள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சாம்பிராணி வந்தது, தேவாரப் புத்தகம் வந்தது, பால் விடாத பிளேன்ரீ நான் ஊற்ற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாடகம் இல்லை என்பதால் லைற்றும் எரியவில்லை. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் வியர்த்துக்கொண்டிருக்க, அண்ணியே முந்திக்கொண்டா. "அவர் அரசாங்கக் கந்தோர் உத்தியோகமெல்லோ. உயிரோட இருக்கேக்கையும் ஞாயிறில வெளிக்கிடமாட்டார்." பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை லைற் பற்றியபோது, உம்மிடம் மறைப்பானேன், நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். சித்தப்பா நல்ல மனுசன்.

இப்போது வந்திருக்கிற சிக்கல் இதுதான். பென்ரைவ் நிறையப்போகிறது. நாடகத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது, நஞ்சு வைத்தவள் யார் என்பது இன்னும் வெளிவரவில்லை. நிறைந்தால் பெட்டி பதியாதாம், லைற் விட்டுவிட்டு மினுங்குமாம். மினுங்குகிற சித்தப்பாவைக் கண்டால் அந்தப் பெண்கள் ஐயரைக் கூப்பிடுவார்கள், ஐயர் வந்தால் வேட்டியைத் தூக்கிப் பார்ப்பார். செத்த வீட்டுத் துடக்கில் நாடகம் பதிந்தவன் என்று பேர் எடுத்தால் இந்த ஊரில் என் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச ஒருவரும் வாசல் படலை திறந்து வரமாட்டார்கள். பதியாமல் விட்டால் உமது அக்கா எனக்குச் சோறு போடமாட்டா.

ஆகவே தட்டு உள்ளேயே இருக்கிற பெட்டிக்கு மாறத்தான் வேண்டும். இரண்டாவதா, மூன்றாவதா என்பதை விலையையும் கொள்ளளவையும் வைத்து மட்டும் இனி முடிவெடுக்க முடியாது. நிஷாந்தனிடம் திரும்பவும் போய் இரண்டையும் இருட்டில் போட்டுக் காட்டச் சொன்னேன். இரண்டாவதில் லைற்றே இல்லை, மணிதான் பச்சை எழுத்தில் ஓடுகிறது. சித்தப்பா இப்போது நேரம் சொல்லத் தொடங்கியிருக்கிறார் என்று நான் எப்படி விளக்குவேன்? மூன்றாவதில் லைற் உண்டு, ஆனால் நீலம், கலியாண மண்டபத்து வாசல்போல. சிவப்பு வரக்கூடியது இல்லையோ என்று கேட்டேன். "அண்ணை, இவ்வளவு காலத்தில லைற் நிறம் பாத்துப் பெட்டி வாங்க வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றான். நீலத்தின் மேல் அக்காவின் சிவப்பு நகப்பூச்சை ஒரு தடவை தடவினால் சரிவரும் என்று நினைக்கிறேன். எனவே மூன்றாவது. அதன் விலை எழுபதாயிரம். நீர் கதிரையில் இருந்துகொண்டு வாசிக்கிறீர் என்று நம்புகிறேன். இதைக் கண்டவுடன் அனுப்பினால் உமது அக்காவின் குடும்பம் ஒன்றாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். உமது மனைவிக்கு அன்பு. துடக்கில் இருக்கிறவன் கொடுத்த ஆசீர்வாதம் பலிக்குமோ தெரியாது, முப்பத்தொன்று கழியட்டும், திரும்பவும் ஒருக்கால் தருகிறேன்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்
க. கதிர்காமநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் கமலாசனி அண்ணி குசினி அடுப்படிப் பக்கம் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினா. போனேன். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒன்றை அவிழ்த்து என் கையில் வைத்தா. புதுப் பென்ரைவ். "தம்பி, இதைக் கொழுவும். மற்றது இப்ப நிறைஞ்சிருக்கும். கடைசி நாள் ஒரு மணித்தியாலம் போடுறாங்களாம், நேரத்தைக் கூட்டி வையும். முப்பத்தொண்டு முடிஞ்ச அடுத்த நாள் நாங்கள் எல்லாரும் இஞ்ச பாக்க வாறம். ஐயரம்மாவும் வாறா." பென்ரைவை மாற்றலாம் என்ற எண்ணம் மூன்று பெட்டியையும் இவ்வளவு ஆராய்ந்த எனக்கு ஒரு தடவையும் வரவில்லை. ஆகவே எழுபதாயிரம் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். அவர்கள் எல்லாரும் இருந்து பார்க்கப் பதினைந்து பிளாஸ்ரிக் கதிரைக்கு மட்டும் அனுப்பினால் போதும். அந்த விளக்கை விளக்கென்று நம்பியிருந்தது இந்த ஊரில் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. திங்கட்கிழமை நான் கும்பிட்டபோது பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல்தானா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.