ஆறாவது டெஸ்ட்டும் அசையாத மூஞ்சியும்

போன மாசம் ஒரு புதன்கிழமை காலையில எனக்கு ரோடு டெஸ்ட். வண்டியை ஓட்டிக் காட்டணும், லைசென்ஸ் வாங்கணும், வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான் வேலை.

ஆறாவது தடவை.

கல்ஃப்ல இருக்கிறவங்களுக்கு இது ஒரு நம்பரே இல்லை. பன்னிரண்டாவது தடவை வந்தவங்க எல்லாம் டெஸ்ட் நடக்கிற இடத்து கேன்டீன்ல சொந்த வீடு மாதிரி கால் நீட்டி உக்காந்திருப்பாங்க. ஆனா என் கேஸ் வேற. நான் ஒரு ப்ரொஃபஷனல்.

என்ன ப்ரொஃபஷனல்? ஆன்லைன் போக்கர். அதாவது சீட்டாட்டம்.

"சூதாட்டமா?"ன்னு யாராவது கேட்டுட்டா எனக்கு மூக்கு மேல கோவம் வந்துரும். "சூதாடுறவன் அதிர்ஷ்டத்தை நம்புறவன். நாங்க முடிவெடுக்கிறவங்க. முடிவு சரியா இருந்தா போதும், ரிசல்ட்டைப் பத்திக் கவலைப்படக் கூடாது"ன்னு அரை மணி நேரம் வகுப்பெடுப்பேன். நாலு வருஷமா இப்படியே முடிவெடுத்துக்கிட்டு இருந்தேன். அந்த நாலு வருஷமும் எனக்குச் சோறு போட்டது என் பொண்டாட்டி மெர்லின்.

மெர்லின் துபாய் அல் குசைஸ்ல ஒரு கிளினிக்ல நர்ஸ். ரெண்டு பேருக்கும் ஊர் குமரிக் கடற்கரை, இப்ப வீடு ஷார்ஜா ரோலாவுல. நான் இந்த நாட்டுல இருக்கிறதே அவ விசாவுலதான். மத்தவனுக்கெல்லாம் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பு ஏத்துக்கிறவர், ஒரு அரபி. எனக்குக் கஃபீல் என் பொண்டாட்டி!

இங்க சீட்டாடுறேன்னு வெளிய மூச்சு விட முடியாது. சட்டம் அப்படி. அதனால கேக்குறவங்களுக்கு எல்லாம் "ஆன்லைன் வேலை"ன்னு சொல்லி வச்சிருந்தேன். ஏதோ பெரிய ஐ.டி. ஆளுன்னு நினைச்சு எங்க பில்டிங்ல நாலு பேர் என்கிட்ட பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தாங்க.

போக்கர் ஆடுறவனுக்கு மூஞ்சிதான் முதலீடு. நல்ல சீட்டு வந்தாலும் சிரிக்கக் கூடாது, மோசமான சீட்டு வந்தாலும் முழிக்கக் கூடாது. முக்கியமா, கண்ணு எங்க பாக்குதுன்னு எதிராளிக்குத் தெரியவே கூடாது. அதுக்காக மாசக்கணக்குல கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். மூஞ்சி அசையாது, கழுத்து திரும்பாது, கண்ணுல எந்நேரமும் கூலிங் கிளாஸ். வீட்டுக்குள்ளயும்!

மெர்லின் ஒருநாள் கேட்டா: "நீங்க ஆடுதது கம்ப்யூட்டர்லதானே? அங்க உங்க மூஞ்சிய யாரு பாக்குதா?"

நல்ல கேள்வி. நாலு வருஷத்துல எனக்கு ஒரு தடவைகூடத் தோணாத கேள்வி. "அது டிசிப்ளின்"னு சொல்லிட்டுக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேல ஏத்திக்கிட்டேன்.

அஞ்சாவது டெஸ்ட் ஃபெயில் ஆன அன்னைக்குத்தான் அவ பொறுமை தீர்ந்துச்சு. பாவம், அவ தினமும் ரோலாவுல பஸ்ஸுக்கு நீளமான கியூவுல நிக்கிறவ. வேர்த்து விறுவிறுத்து வந்து பையைச் சோபாவுல போட்டா.

"கேட்டியளா, ஒரே ஒரு பேச்சுதான். முடிவெடுக்கேன் முடிவெடுக்கேன்னு சொல்லுதியளே, அதை ஒருக்கா ரோட்டுல எடுத்துக் காட்டுங்க. அடுத்த டெஸ்ட்ல பாஸ் ஆனா நீங்க என்னத்தையும் ஆடிக்கிடுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். ஃபெயில் ஆனா, எங்க அண்ணன் கம்பெனி ஸ்டோர்ல ஆள் கேக்கான். விசா மாத்தி அவனே எடுத்துக்கிடுவான். திங்கக்கிழமை போய் நிக்கணும். சம்மதமா?"

நான் உள்ளுக்குள்ள கணக்குப் போட்டேன். அஞ்சு தடவை ஃபெயில் ஆனவன் ஆறாவது தடவையுமா ஃபெயில் ஆவான்? சான்ஸே இல்லை. இனி பாஸ் ஆகித்தான் தீரணும்!

இந்த மாதிரிக் கணக்குப் போடுறவனை எங்க தொழில்ல 'மீன்'னு சொல்லிச் சிரிப்போம். வலையில தானா வந்து விழுறவன்னு அர்த்தம். எங்கப்பா கடல்ல வலை போட்டு மீன் பிடிச்சவர். வீட்டுலயும் ஒண்ணு வளர்ந்துக்கிட்டு இருந்தது அவருக்குத் தெரியலை.

"சம்மதம்"னேன். மூஞ்சியில ஒண்ணும் காட்டாம.

புதன்கிழமை போனா, வண்டிக்கு ரெண்டு ரெண்டு பேரா ஏத்தினாங்க. என்கூட வந்தது முருகேசன். அறந்தாங்கிப் பக்கம். சைட்ல கொத்தனார் வேலை. லைசென்ஸ் எடுத்தா டிரைவரா மாத்துறேன்னு கம்பெனியில சொல்லியிருக்காங்களாம். வெயில்ல கறுத்துப்போன மூஞ்சி, அதுல இருக்கிற பயம் அம்பது அடி தூரத்துல இருந்தே தெரிஞ்சுது. என் டேபிள்ல உக்காந்தா பத்து நிமிஷத்துல இவனை உரிச்சிருப்பேன்னு நினைச்சேன். அந்த நினைப்புக்கே என்னைச் செருப்பால அடிக்கணும்.

"அண்ணே, கழுத்தை நல்லாத் திருப்புங்கண்ணே"ன்னான் மெதுவா. "மிரரைப் பாத்தா மட்டும் பத்தாது. நம்ம பாக்குறது ஆபீசருக்குத் தெரியணும்."

கொத்தனார் எனக்கு க்ளாஸ் எடுக்கிறான்! "சரி தம்பி"ன்னு கல்லு மூஞ்சியோட சொன்னேன்.

ஆபீசர் யூனிஃபார்ம்ல வந்து முன்சீட்டுல உக்காந்தார். கையில டேப்லெட். அவர் பேசினது பாதி இங்கிலீஷ், பாதி இந்தி, நடுவுல அரபி. உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

முதல்ல முருகேசன். அடேயப்பா, அது என்ன கழுத்து! இடது மிரர், வலது மிரர், நடு மிரர், தோளுக்குப் பின்னாடி. ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டி ஆட்டி, கோயில் கொடைக்கு சாமி வந்தவன் மாதிரி ஓட்டினான். பின்சீட்டுல நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தேன். ஆபீசர் டேப்லெட்ல ரெண்டு தட்டு தட்டினார். "கலாஸ், முடிஞ்சுது. அடுத்த ஆள்."

சீட்டு மாறி உக்காந்தேன். பெல்ட் போட்டேன்.

"எத்தனாவது டெஸ்ட்?"ன்னார் ஆபீசர்.

இங்கதான் நான் என் முதல் பிளஃப்பை இறக்கினேன். கண் சிமிட்டாம, "முதல் தடவை சார்."

அவர் டேப்லெட்டைப் பார்த்தார். "ஆறு."

எதிராளி கையில நம்ம சீட்டெல்லாம் விரிச்சு வச்சிருக்கும்போது பிளஃப் அடிச்ச முதல் ப்ரொஃபஷனல் நானாத்தான் இருப்பேன்.

"என்ன வேலை பாக்குற?"

"ஆன்லைன் சார்."

"ஆன்லைன்ல என்ன?"

"கார்டு சார்"னு உண்மை வாயில வந்துருச்சு. யூனிஃபார்ம் போட்டவர்கிட்ட!

"கார்டா? பேங்க்கா? கிரெடிட் கார்டா?"

"ஆமா சார்! பேங்க்!"

அவர் டேப்லெட்ல விரலால ஒரு தள்ளு தள்ளினார். "மனைவி விசா. வேலைன்னு இங்க எதுவும் இல்லையே?"

பின்சீட்டுல முருகேசன் இருமினான். என் மூஞ்சி மட்டும் அசையலை. சட்டைக்குள்ள வேர்வை ஆறா ஓடுது, மூஞ்சியில ஒரு சொட்டு இல்லை. எதுக்குப் பிரயோஜனம்?

"யல்லா, போ."

கிளம்பினேன். நல்லாத்தான் ஓட்டினேன்னு இன்னமும் சொல்லுவேன். லேன் மாத்தச் சொன்னார். கூலிங் கிளாஸுக்குள்ள கண்ணை மட்டும் உருட்டி மிரரைப் பார்த்தேன். இண்டிகேட்டர் போட்டேன். மாறினேன். கழுத்து ஒரு இஞ்ச் அசையலை.

"மிரர் பாக்கலை!"ன்னு கத்தினார்.

"பாத்தேன் சார்."

"எப்போ?"

"இப்போ."

"நான் உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ பாக்கலை."

மறுபடி லேன் மாத்தச் சொன்னார். மறுபடி உருட்டினேன். மறுபடி கத்தினார். மூணாவது தடவை அவர் குனிஞ்சு என் மூஞ்சிகிட்ட வந்து பார்த்தார். குரல்ல நிஜமான கவலை.

"தூங்குறியா?"

"இல்லை சார்!"

"கண்ணாடியைக் கழட்டு!"

கழட்டினேன். வெயில் நேரா கண்ணுல அடிச்சுது. நாலு வருஷத்துல முதல் தடவையா என் கண்ணு எங்க பாக்குதுன்னு ஒரு மனுஷனுக்குத் தெரிஞ்சுது. நடு ரோட்டுல துணி இல்லாம நிக்கிற மாதிரி இருந்துச்சு.

"கழுத்து! கழுத்தைத் திருப்பு!"

சரி, இதுதான் வேணுமான்னு ரோஷத்துல திருப்பினேன் பாருங்க, முழுசாத் திரும்பிப் பின்சீட்டுல முருகேசன் மூஞ்சியைப் பார்த்துட்டேன். பையன் பதறி, "முன்னாடி பாருங்கண்ணே!"ங்கிறான். ஆபீசர் ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்தார். நடைபாதை ஓரமா நடந்து போன ஒருத்தர் நின்னு எங்களை ஆசீர்வாதம் பண்ணினார். திட்டினார்னும் வச்சுக்கலாம்.

அடுத்தது ரவுண்டபவுட்.

போக்கர்ல ஒரு பாடம் உண்டு. பொறுமை. மோசமான சீட்டு வந்தா கீழ வச்சிரு, நல்ல சீட்டுக்குக் காத்திரு. நான் காத்திருந்தேன். ஒரு கார் போச்சு, விட்டேன். ஒரு இடைவெளி வந்துச்சு. சின்னது, விட்டேன். இன்னொண்ணு. அதுவும் மனசுக்கு ஒப்பலை, விட்டேன். பின்னாடி ஹார்ன் சத்தம். அதுக்குப் பின்னாடி இருந்த பஸ்ஸும் சேர்ந்துக்கிச்சு.

"என்ன பண்ற?"ன்னார் ஆபீசர்.

"நல்லதா ஒண்ணு வரட்டும் சார்."

"இது கல்யாணமா? யல்லா, யல்லா!"

அப்பத்தான் இடது பக்கத்துல இருந்து ஒரு தண்ணி டேங்கர் வந்துச்சு. டிரைவரைப் பார்த்தேன். ஒரு கையில டீ கப். நொடியில படிச்சுட்டேன்: டீ சிந்த வேண்டாம்னு நினைக்கிறவன், வேகத்தை லேசாக் குறைக்கிறான், பயந்த ஆட்டக்காரன், நம்ம இறங்கினா நின்னுருவான்.

ஆல்-இன். கையில இருக்கிறது அத்தனையையும் தூக்கி வச்சேன். ஆக்சிலேட்டரை அமுக்கினேன்.

அவன் நிக்கலை.

ஆபீசர் தன் பக்கத்து பிரேக்கை ரெண்டு காலாலயும் மிதிச்சார். டேப்லெட் டேஷ்போர்டுல போய் அடிச்சுது. டேங்கர் எங்க மூக்குக்கு முன்னாடி கப்பல் மாதிரி கடந்து போச்சு. டீ ஒரு சொட்டு சிந்தலை. அந்த ஆள் எங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை.

ஆபீசர் குனிஞ்சு டேப்லெட்டை எடுத்தார். இன்ஜின் நின்னு போயிருந்துச்சு.

அந்த நேரத்துல வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஒரு சாதாரண மனுஷன் "சாரி சார்"னு சொல்லியிருப்பான். நான் ப்ரொஃபஷனல் ஆச்சே!

"சார், என் முடிவு சரிதான் சார். ரிசல்ட்தான் தப்பாப் போச்சு. இதே ரவுண்டபவுட்ல இதே மாதிரி நூறு தடவை போனா, எண்பது தடவை அந்த டேங்கர் நின்னுரும்."

ஆபீசர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மூஞ்சியில ஒண்ணும் தெரியலை. நான் பழகணும்னு ஆசைப்பட்ட மூஞ்சி அது.

"மீதி இருபது தடவை?"

நான் வாயத் திறக்கிறதுக்குள்ள பின்சீட்டுல இருந்து பதில் வந்துச்சு. "அந்த இருபதுலயும் நானும் வண்டிக்குள்ள இருக்கேண்ணே."

முருகேசன் பாஸ். பேப்பரைக் கையில வாங்கி நெஞ்சுல வச்சுக்கிட்டு நின்னான். சைட்டுக்குப் போன் போட்டு, "இனிமே ஏசி வண்டிக்குள்ளடா"ன்னு சொன்னான். எனக்கு வெக்கமா இருந்துச்சு. உண்மையான வெக்கம். அவன் வந்து என் தோளைத் தட்டி, "ஏழாவது தடவை ஆயிரும்ணே, மனசைத் தளர விடாதீங்க"ன்னு சொன்னப்ப இன்னும் மோசமாப் போச்சு.

கேன்டீன் ஓரமா நின்னு மெர்லினுக்குப் போன் போட்டேன். டியூட்டியில இருந்தா. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். முடிவு வேற, ரிசல்ட் வேற, துரதிர்ஷ்டம், டீ கப்.

"பாஸா, ஃபெயிலா?"

"ஃபெயில். ஆனா பாத்துக்கோ, முடிவைப் பொறுத்தவரைக்கும்..."

"ஆபீசர் ஏதாவது எழுதித் தந்திருக்காரா?"

"ஒரு பேப்பர் தந்தாரு."

"வாசிங்க."

வாசிச்சேன். "மிரர் பாக்கலை. கழுத்துத் திருப்பலை. முடிவெடுக்கும் திறன், மோசம்."

அந்தப் பக்கம் அவ நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்றது கேட்டுச்சு.

"கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க."

"முடிவெடுக்கும் திறன், மோசம்."

"சீல் வச்சிருக்கா?"

"வச்சிருக்கு."

"கிழிச்சிராதீங்க. மடிக்கவும் செய்யாண்டாம். அப்படியே கொண்டு வாங்க. நாலு வருஷமா நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு மனுஷன் கால் மணி நேரத்துல கண்டுபிடிச்சு எழுத்துல தந்திருக்காரு. அவரு நல்லா இருக்கட்டும்."

இப்ப நான் மச்சான் கம்பெனியில ஸ்டோர் கீப்பர். அந்தப் பேப்பர் எங்க வீட்டு ஹால்ல, எங்க கல்யாண ஃபோட்டோவை இறக்கிட்டு, அதே ஃப்ரேம்ல மாட்டியிருக்கு.