என்னைச் சாகடித்த அண்ணன் மகனுக்கு

அன்பு நிறைந்த அண்ணன் மகனுக்கு, சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, உன் தங்கை மூவரும் சுகம். மற்றவர்கள் இதைப் பேச்சுக்கு எழுதுவார்கள்; நான் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். நீ எடுத்த சினிமா வந்த நாளிலிருந்து நான் உயிரோடிருப்பதை எல்லோருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கத்தைச் சொல். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயம்.

முதல் நாள் மதியக் காட்சிக்கே மூவரும் போனோம். திரையில் கதாநாயகியின் குடிகார அப்பா வந்ததும் உன் சித்தி முழங்கையால் இடித்து, "நீங்கதான்" என்றாள். நான் எங்கேடா? அங்கே ஒரு வயலின் கலைஞனல்லவா உட்கார்ந்திருக்கிறான்! பத்தொன்பது வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். கிரீஸ் கையோடு குடிப்பவனைப் பார்த்தால் ஜனங்களுக்கு அழுகை வராது என்று வயலினைக் கொடுத்துவிட்டாய், போகட்டும். குடிப்பதற்கு ஒரு காதல் தோல்வியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாயே, அது யாரு? உன் சித்தி அன்றிலிருந்து என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு காரணமும் கிடையாது மகனே. காரணமென்று ஒன்று இருந்திருந்தால் கழற்றிப் பார்த்து ரிப்பேர் செய்திருக்க மாட்டேனா? வேலை முடிந்து குடித்தேன், பிறகு வேலைக்கு முன்னால் குடித்தேன், பிறகு வேலை போயிற்று, அவ்வளவுதான் கதை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த நடிகர் குடித்துவிட்டு வீட்டுக்குள் வருகிறார் பார், அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. தள்ளாடுகிறார், கதவைக் கட்டிக்கொள்கிறார், வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். பெண்டாட்டி பிள்ளை விழித்திருக்கும் வீட்டுக்கு எந்தக் குடிகாரனும் அப்படி வரமாட்டான். நூல் பிடித்த மாதிரி நேராக நடப்பான். செருப்பை ஜோடி சேர்த்து வைப்பான். யாரும் கேட்காமலே "இன்னிக்கு நல்ல வெயில்" என்பான். அந்த நேர்நடையைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குக் குலை நடுங்கும். இதை உன் சித்திக்கு விளக்கலாமே என்று எழுந்து, நடுவழியில் நாலு அடி நடந்து காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "யோவ், உக்காருய்யா!" என்றான். "இருப்பா, இன்னும் திரும்பி வர்ற நடை இருக்கு" என்றேன். டார்ச் லைட்டோடு இரண்டு ஊழியர்கள் வந்து என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "ஐயா, குடிச்சிட்டு உள்ள வரக்கூடாது." "ஏழு வருஷமா குடிக்கலப்பா!" "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." குடித்த காலத்தில்கூட எந்தத் தியேட்டரும் என்னை வெளியே தள்ளியதில்லை.

வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். உள்ளே கழன்று விழுந்த என் ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு உன் தங்கை வந்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளோ பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு, "ரொம்ப சரியா நடந்தேப்பா. அப்படியேதான் வருவே" என்றாள்.

ஆக, முடிவை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை என் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். எடுத்தவன் நான். தழுதழுத்த குரலில், "தங்கச்சி இருக்காங்களா? துக்கம் விசாரிக்கணும்" என்றார். "யாரு சார் போயிட்டாங்க?" "அவங்க வீட்டுக்காரர்தான். நீங்க யாரு?" "போனவன்." பாவம், போனை வைத்துவிட்டார். அதன் பிறகுதான் உன் சித்தி மெல்லச் சொன்னாள்: மேடையில் வயலின் வாசித்தபடியே சரிந்து, கொட்டும் மழையில், மகள் மடியில் நான் செத்துப்போனேனாம். மேடைக்குள்ளே மழை எப்படி வந்தது என்று கேட்டேன். "அழுதுட்டிருந்தேன், கவனிக்கல" என்றாள். எதிரே உயிரோடு நிற்பவனுக்காக இன்றுவரை ஒரு சொட்டு விட்டவளில்லை!

குடிகாரன் செத்தால் கதை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். சாகாமல் குடியை விட்டவன் வீட்டில் என்ன பாடு படுகிறான் என்று உங்களில் யாராவது எடுத்திருக்கிறீர்களா? உங்கள் படங்களில் பாட்டிலைக் கடலில் வீசியதும் குடி நின்றுவிடுகிறதாமே! நான் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, சுவரெல்லாம் பூச்சி ஓடுது என்று கத்தினேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் தையற்கடை மாடியில், குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்தில், கால் விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைவிடப் பெரிய புளுகர்கள் பதினாலு பேர் சொன்ன கதையைக் கேட்டேன். இரண்டு தடவை வழுக்கிக் குடியில் விழுந்து, மறுபடி அங்கேயே போனேன். வீட்டுக்கு வந்தால் எனக்கென்று அங்கே ஒரு வேலையில்லை. நான் இல்லாமலே எல்லாம் ஓடப் பழகியிருந்தது. உன் தங்கையின் மார்க் ஷீட்டில் என் கையெழுத்தை அவளேதான் போட்டுக்கொண்டிருந்தாள். திருந்தி வந்த நான் ஆசையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டால், இது போலி என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார்! ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "குடிச்சிருக்கியா?" என்றாள். உன் படத்தில் சைக்கிள் சக்கரம் நாலு சுற்று சுற்றுகிறது, பாட்டு முடிவதற்குள் சின்னப்பெண் பெரியவளாகிவிடுகிறாள். இங்கே ஒருத்தி ஒவ்வொரு நாளாக வளர்ந்தாள். பாதி நாள் நான் பார்க்கவில்லை. மீதி நாள் அவள் என்னைப் பார்க்கவிடவில்லை.

அதனால் மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்: நான் சாகிற மாதிரி இல்லை. உன் கதைக்கு எத்தனை இடைஞ்சலாக இருந்தாலும் இருந்தே தீருவேன். முடிந்தால் அதைப் படமெடு.

நீ மேலும் பல படங்கள் எடுத்து, பரிசுகள் குவித்து, சொந்தக்காரர்களை விட்டுவைத்து, நீண்டகாலம் சிறப்பாக வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
சுவாசத்தோடு உன் சித்தப்பா

பி.கு.: தபாலில் போடுமுன் உன் தங்கையிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணனைத் திட்டாதப்பா. கதை நான் சொன்னது. மூணு மாசம் உக்காந்து எழுதிக்கொடுத்தேன்" என்றாள். வயலினுமா என்றேன். "நீ காரணமே இல்லாம குடிச்சேன்னு சொன்னா உன்னை யாரும் மன்னிக்கமாட்டாங்க. அதான் கொஞ்சம் நல்லவரா காட்டச் சொன்னேன்." அப்போ அந்தச் சாவு? "அண்ணன் அது வேண்டாம்னுதான் சொன்னான். பன்னெண்டு வயசுல தினமும் அதைத்தான்பா நெனச்சுட்டுத் தூங்குவேன். எங்கயாவது இறக்கி வெக்கணும்ல" என்றாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். சனிக்கிழமை நானும் அவளும் முடிவைப் பார்க்கப் போகிறோம்.