காதில் விழுந்தால்தான்

வேப்பந்தட்டையில் கிளம்பிய பஸ் கடைத்தெருவைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் பின்னால் தர்மன் சைக்கிளில் துரத்திக்கொண்டு வருவதை அய்யம்பெருமாள் பார்த்துவிட்டார். மடியிலிருந்த மஞ்சள் துணி மூட்டையை முழங்கையால் அணைத்துக்கொண்டு இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார்.

கண்டக்டர் அவர் தோளைத் தட்டினார். "சார், உங்களைத்தான் கூப்பிடுறாரு போல. வூட்டுல என்னமோ..."

"சொல்லாதீங்க. அவன் என்ன கத்தினாலும் என்கிட்ட சொல்லாதீங்க."

"ஏன் சார்?"

"அவனுக்கு மூளை சரியில்லை. போற பஸ்ஸையெல்லாம் துரத்துவான்."

"உங்க பேரைச் சொல்லில்ல கூப்பிடுறாரு?"

"ஊர்ல எல்லார் பேரும் அவனுக்குத் தெரியும்."

கண்டக்டர் நம்பிவிட்டார். விசில் ஊதினார். தர்மன் புழுதிக்குள் சிறுத்துப் போனான்.

தர்மனுக்கு மூளையில் ஒரு குறையும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன், சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஊரில் எந்த வீட்டில் உயிர் போனாலும் யாரும் கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய் உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வருவான். அவன் மணி ஒரு வாசலில் அடித்தால், உள்ளேயிருக்கும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே வெளியே வருவார்கள்.

அய்யம்பெருமாள் வீட்டில் அவருடைய சித்தப்பா கொளஞ்சியப்பன் சாகக் கிடந்தார். பேச்சு நின்று ஐந்து நாள். நேற்றிலிருந்து மூச்சு ஒரு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்து அய்யம்பெருமாளின் ஒரே மகன் கிருஷ்ணமூர்த்திக்குக் கல்யாணம், அதுவும் அந்தமானில். பையனுக்கு அங்கே வேலை, பெண் வீட்டாரும் அங்கேயே தங்கிவிட்டவர்கள். மனைவி செங்கமலமும் மற்றவர்களும் பத்து நாள் முன்னாலேயே மதராசில் கப்பல் ஏறிவிட்டார்கள். கூறைப்புடவை மட்டும் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேரவில்லை. அதற்காக அய்யம்பெருமாள் தங்கினார். சம்பந்தி பெருமைக்காரர், திருச்சியிலிருந்தே விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். இன்றைக்குச் செவ்வாய். மத்தியானம் திருச்சியில் ஏறி மதராஸ், நாளைக் காலை அங்கிருந்து அந்தமான், வியாழக்கிழமை முகூர்த்தம். இந்த விமானத்தை விட்டால் அடுத்தது வெள்ளிக்கிழமைதான், அதற்குள் மணவறையைப் பிரித்திருப்பார்கள்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தீட்டு. தாலி ஏறாது, கூறையைத் தொடவும் கூடாது. அய்யம்பெருமாள் ஜோசியர் பிச்சைமுத்துவிடம் ஓடினார். அவர் சோழிகளை ஒதுக்கிவிட்டு யோசித்தார்.

"காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழாத வரைக்கும் நீங்க சுத்தம். பதினாறு நாள் கழிச்சு வந்து கேட்டா, தலைக்கு ஊத்திக்கிட்டாப் போதும்."

"அப்ப கொள்ளி?"

"வேற பங்காளி யாரும் இல்லையா?"

இருந்தார்கள். ஆனால் கொளஞ்சியப்பனுக்குப் பிள்ளை கிடையாது. அப்பா இல்லாத அய்யம்பெருமாளை எட்டு வயதிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தவர், பெரம்பலூரில் படிக்க வைத்தவர், கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் வேலை கிடைத்த அன்று ஊருக்கே சர்க்கரை கொடுத்தவர். அவருக்குக் கொள்ளி வைக்கவேண்டிய கை எதுவென்று ஊருக்கே தெரியும். அந்தக் கைதான் இப்போது மஞ்சள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது.

இன்னொரு காரியமும் செய்திருந்தார், அதை நினைத்தால் அவருக்கே கூசியது. புடவை வந்துவிட்டதென்று ஜவுளிக்கடையிலிருந்து கடிதம் வந்து திருச்சிக்குப் போனபோது, ஒரே நடையில் முடியட்டும் என்று சித்தப்பா போனால் போர்த்தக் கோடி வேட்டியும் துண்டும் எடுத்து வந்துவிட்டார். பங்காளிகள் கடைசி நேரத்தில் அலையக்கூடாது பாருங்கள். இரண்டையும் சித்தப்பா படுத்திருந்த அறையிலேயே பீரோவில் வைத்தார். மேல் தட்டில் புடவை, கீழ்த் தட்டில் கோடி. சித்தப்பாவுக்குத்தான் நினைவே இல்லையே.

கிளம்பும்போது அந்த அறைக்குள் போகத்தான் வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்தால் கால் நகராது என்று பயந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி, கண்ணையும் மூடிக்கொண்டு, பீரோவுக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தார். வாசலில் தர்மனின் அம்மா காத்தாயியிடம் மட்டும் சொன்னார்.

"நான் பிளேன் ஏறுற வரைக்கும் இங்கேயிருந்து ஒரு சேதியும் என் காதுல விழக்கூடாது."

"சரி தம்பி, நீ போயிட்டு வா," என்றாள் காத்தாயி. சொல்லி அரைமணி ஆகவில்லை, அவள் பிள்ளை சைக்கிளை எடுத்துவிட்டான். பொம்பளை வாயில் ஒரு விஷயம் நிற்குமா என்று அய்யம்பெருமாள் பல்லைக் கடித்தார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலையாக மருந்துக்கடையில் பஞ்சு வாங்கி இரண்டு காதையும் அடைத்தார். திருச்சி பஸ் எங்கே நிற்கும் என்று சைகையால் கேட்டுப் போய் நின்றார். அப்போது அடுத்த பஸ்ஸிலிருந்து தர்மன் குதித்தான்.

"அண்ணே..."

சத்தம் கேட்கவில்லை, வாய் திறந்தது மட்டும் தெரிந்தது. அய்யம்பெருமாள் ஒரு டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆனால் அந்தப் பழைய கண்டக்டர் நல்ல மனிதர். ஒரு பைத்தியம் பாவப்பட்ட பயணியைத் துரத்துவதைப் பார்த்து, அங்கே நின்ற போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டார். தர்மனின் சட்டையைப் பிடித்தார்கள். அவன் கையிலிருந்த துணிப்பையைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னான். போலீஸ்காரர் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

அய்யம்பெருமாளுக்கு அந்த அடி தன் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. தங்கமான பையன். போன மாதம் முழுக்க சித்தப்பாவைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தவன். போய் விலக்கிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தார். கிட்டே போனால் அவன் சொல்லிவிடுவான். எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தமானில் இருபத்தேழு வயது மகன் மாலையோடு உட்கார்ந்திருக்க, தான் வெறுங்கையோடு நிற்கும் காட்சியை மனதுக்குள் கொண்டுவந்து, அதைப் பார்த்துக்கொண்டே தட்டிக்குப் பின்னால் நின்றார்.

நின்றதில் திருச்சி பஸ் போய்விட்டது. பஸ்காரன் கூவிக் கூவி அழைத்திருக்கிறான், காதில் பஞ்சு இருந்தால் என்ன செய்வது?

அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றி வந்து, பாதியைப் பெரம்பலூரில் இறக்கிவிட்டு, மீதியோடு திருச்சிக்குப் புறப்பட்ட லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார். முன்னால் இடமில்லை. மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தார். கூறையைத் தரையில் வைக்கக்கூடாது, சிமெண்ட் மூட்டையும் தரைக்குச் சமம்தான் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே ஒன்றரை மணி நேரம் மஞ்சள் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார். கை மரத்தது. காற்று அடித்த அடியில் சிமெண்ட் பறந்து தலை, மீசை, புருவம், புதுச் சட்டை எல்லாம் சாம்பல் பூத்துவிட்டன.

விமான நிலையத்தில் அப்படியே போய் நின்றார்.

டிக்கெட்டைப் பார்த்த பெண் ஏதோ கேட்டாள்.

"அய்யம்பெருமாள்," என்றார்.

அவள் மறுபடியும் கேட்டாள்.

"வேப்பந்தட்டை."

அவள் மூட்டையைத் தராசில் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். சாமான்களோடு சாமானாக, எவனோ ஒருவன் செருப்பு வைத்த பெட்டிக்கு அடியில் கூறைப்புடவை போவதா? கையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். காது அடைத்திருந்ததால் அவர் கெஞ்சுவது கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கங்கே விமானம் கடத்துகிறார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். உடம்பெல்லாம் சாம்பலோடு ஒரு ஆள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல், ஒரு மூட்டையைக் கொடுக்க மாட்டேன் என்றால் என்ன நினைப்பார்கள்?

காக்கி உடுப்பு அதிகாரி ஒருவர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். மேஜையைத் தட்டி, பிரி என்று சைகை காட்டினார்.

"முகூர்த்தத்துக்கு முந்திப் பிரிக்கக்கூடாதுங்க. கூறைப்புடவை. என் மகனைக் கட்டிக்கப்போற பொண்ணுக்கு."

அதிகாரி அவரே பிரித்தார். மஞ்சள் துணி, அதற்குள் கடைக் காகிதம், சணல். காகிதத்தை விலக்கியதும் வெள்ளையாக ஒரு நாலு முழ வேட்டி, அதன்மேல் ஒரு துண்டு.

அதிகாரி தமிழ்நாட்டுக்காரர்தான். பார்த்ததும் கோடி என்று தெரிந்துகொண்டார். தொட்ட கையை எடுத்துவிட்டார். அய்யம்பெருமாளின் ஒரு காதிலிருந்த பஞ்சைத் தாமே பிடுங்கிவிட்டுக் கேட்டார்.

"பெரியவரே, அந்தப் பொண்ணுக்கு இதையா கட்டப் போறீங்க?"

அய்யம்பெருமாள் குனிந்து வேட்டியைப் பார்த்தார். சாவு தீண்டாமல் கொண்டுவந்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, சாவுத்துணியையே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கல்யாணமும் போயிற்று, அங்கே கிடக்கிறவருக்கு மூடத் துணியும் போயிற்று. மனிதர் அழுதுவிட்டார். சிமெண்ட் முகத்தில் இரண்டு கோடு இறங்கியது.

"இன்னும் இருபது நிமிஷத்துல கேட்டை மூடிடுவாங்க," என்றார் அதிகாரி, கொஞ்சம் தணிந்து. "வெளியில ஒரு ஆளு உங்க பேரைச் சொல்லி நிக்குது. உள்ளே விடலை. போய்ப் பாருங்க."

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தர்மன் நின்றான். சட்டைப்பை கிழிந்து தொங்கியது, ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கையில் அதே துணிப்பை. அய்யம்பெருமாளைப் பார்த்ததும் அவன் வாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கம்பிக்கு மேலாக நீட்டினான். காகிதம் ஓரத்தில் கிழிந்த இடத்தில் அரக்குச் சிவப்பும் சரிகையும் தெரிந்தன.

அய்யம்பெருமாள் அதை வாங்கினார். அவர் கையிலிருந்த வெள்ளைத் துணியை தர்மன் வாங்கி, மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"இது அங்க வேணும்ணே. நான் கிளம்புறேன்."

அய்யம்பெருமாள் மற்றக் காதிலிருந்த பஞ்சையும் பிடுங்கிப் போட்டார். இனி எது விழுந்தாலும் விழட்டும் என்று அவருக்கு ஆகிவிட்டது.

"தர்மா, அடி வாங்க வச்சுட்டேன்டா. சொல்லு. காலையிலேருந்து நீ சொல்ல வந்ததைச் சொல்லிடு. நான் கேட்டுக்கிறேன்."

தர்மன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நான் எதையும் சொல்ல வரலைண்ணே. நீங்க வாசல் தாண்டினதும் உங்க சித்தப்பாதான் கண்ணைத் தொறந்து, 'அந்தப் பய கீழ்த் தட்டுல கையை விட்டு என் கோடியைத் தூக்கிக்கிட்டுப் போறான், ஓடிப்போயி மேல் தட்டுப் புடவையைக் குடுத்துட்டு வாடா'ன்னாரு. அதைச் சொல்லி முடிச்சதும் அவருக்கு என்ன ஆச்சுங்கிறதை மட்டும் பதினாறு நாள் கழிச்சு வந்து கேளுங்க."